ரோமில் படிக்கப் போகிறீர்களா? முதல் வாரத்தை இப்படி நடந்து பாருங்கள்

ரோமுக்குப் படிக்க வந்து இறங்கிய மறுநாளே கொலோசியம், பழைய ரோமின் மையச் சதுக்கமான ஃபோரம், வத்திக்கான் மூன்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிட மனசு துடிக்கும். நானும் அப்படித்தான் ஓடினேன். சாயங்காலம் அறைக்கு வந்து ஷூவைக் கழற்றினால் இரண்டு குதிகாலிலும் கொப்புளம், கைபேசியில் முந்நூறு படம், எந்தப் படம் எந்த இடம் என்று அன்று இரவே குழம்பிவிட்டது. மூன்று நாள் டூரில் வருகிறவர்கள் ஓடட்டும், அவர்களுக்கு வேறு வழியில்லை. நமக்கு ஒரு செமஸ்டர், ஒரு வருடம், இரண்டு வருடம் என்று கையில் காலம் இருக்கிறது. அதனால் முதல் வாரத்துக்கு நான் சொல்வது இதுதான்: பெரிய டிக்கெட்டுகளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், முதலில் ஊரை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

வாசிப்பது என்றால் என்ன? ரோம் அடுக்கடுக்காக எழுந்த ஊர். டைபர் நதி வெள்ளம் வரும்போதெல்லாம் வண்டல் படியும், வீடு இடிந்தால் இடிபாட்டைச் சமப்படுத்தி அதன் மேலேயே அடுத்த வீட்டைக் கட்டுவார்கள், இப்படியே இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் போயிருக்கிறது. இன்றைக்கு நாம் நடக்கும் தெரு பல இடங்களில் பழைய தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எது எந்தக் காலத்துத் தரை, இந்தச் சுவர் ஏன் பாதியில் நிற்கிறது, இந்தத் தூண் ஏன் ஒரு வீட்டுக்குள் புதைந்திருக்கிறது என்று பார்க்கக் கண் பழகிவிட்டால், வகுப்புக்குப் போகிற வழியில்கூடச் சும்மா ஒரு தெரு என்று எதுவும் இருக்காது.

வந்து சேர்வதும் பேப்பர் வேலையும்

ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர இரண்டு ரயில் உண்டு. லியோனார்டோ எக்ஸ்பிரஸ் 14 யூரோ, 32 நிமிடத்தில் நேராகத் தெர்மினி ஸ்டேஷன். எல்லாரும் அதில்தான் ஏறுகிறார்கள். ஆனால் எஃப்.எல்.1 என்று ஒரு சாதாரண ரயில் 8 யூரோவுக்கு த்ராஸ்தேவெரே, ஒஸ்தியென்சே, திபுர்தீனா வழியாகப் போகிறது, அது தெர்மினிக்குப் போகாது. சபியென்சா பல்கலைக்கழகத்தை ஒட்டி சான் லொரென்சோ பக்கம் அறை எடுத்திருந்தால் திபுர்தீனாவும், ரோமா த்ரே பல்கலைக்கழக மாணவராக இருந்தால் ஒஸ்தியென்சேயும் பக்கம். அறை எங்கே என்று முதலில் வரைபடத்தில் பார்த்துவிட்டு ரயிலைத் தேர்ந்தெடுங்கள். காகித டிக்கெட் என்றால் பிளாட்பாரத்தில் இருக்கும் சின்ன மெஷினில் முத்திரை குத்திக்கொண்டுதான் ஏற வேண்டும். மறந்தால் டிக்கெட் இருந்தும் அபராதம்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து, மூன்று மாதத்துக்கு மேல் தங்கிப் படிக்க வருகிறவர்கள் இத்தாலிக்குள் நுழைந்து 8 வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெர்மெஸ்ஸோ தி சொஜோர்னோ என்பார்கள், மாணவர் பேச்சில் வெறும் பெர்மெஸ்ஸோ. இதைத் தள்ளிப் போடவே கூடாது. ‘ஸ்போர்தெல்லோ அமீகோ’ என்ற கவுன்டர் உள்ள தபால் நிலையத்துக்குப் போய் ‘கிட்’ கேட்டால் விண்ணப்பப் படிவம் வைத்த உறையை இலவசமாகவே கொடுப்பார்கள். 16 யூரோ ஸ்டாம்ப் ஒன்று ஒட்ட வேண்டும், மார்கா தா போல்லோ என்று கேளுங்கள், அது தபாக்கி என்ற புகையிலைக் கடைகளில் கிடைக்கும், வாசலில் பெரிதாக ‘டி’ எழுத்துப் பலகை தொங்கும் கடை. பாஸ்போர்ட் நகல், சேர்க்கைக் கடிதம், காப்பீடு எல்லாவற்றையும் உள்ளே வைத்து, உறையை ஒட்டாமல் கொண்டுபோங்கள், கவுன்டரில் சரிபார்ப்பார்கள். கட்டணங்களும் ஸ்டாம்பும் சேர்ந்து நூறு யூரோவைத் தாண்டிவிடும், அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். அவர்கள் தரும் ரசீதை உயிரைப் போலப் பாதுகாக்க வேண்டும், அட்டை கைக்கு வரும்வரை அதுதான் உங்கள் ஆவணம். கைரேகை கொடுக்கக் குவெஸ்தூராவுக்கு, அதாவது போலீஸ் அலுவலகத்துக்குப் போக வேண்டிய தேதியையும் அங்கேயே தந்துவிடுவார்கள்.

நான் பயந்துபோய் ஒரு இடைத்தரகரிடம் பணம் கொடுத்துப் படிவத்தை நிரப்பச் சொன்னேன். பாஸ்போர்ட் எண்ணில் ஒரு இலக்கத்தைத் தப்பாக எழுதிவிட்டார், அதைத் திருத்த மறுபடி அலைந்தேன். படிவம் இத்தாலிய மொழியில் இருப்பதால்தான் பயம் வருகிறது. பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவிலேயே உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்க ஆள் இருப்பார்கள், இல்லாவிட்டால் மூத்த மாணவர்களிடம் கேளுங்கள், அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவார்கள்.

கோதிச்சே ஃபிஸ்காலே என்ற வரி எண்ணும் வேண்டும். அஜென்சியா தெல்லே என்த்ராத்தே என்ற வரி அலுவலகத்தில் இலவசம். வீட்டு ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, சிம் கார்டு என்று எதற்குப் போனாலும் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இந்த அலைச்சலை வீண் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு அலுவலகமும் ஊரின் ஒவ்வொரு மூலையில் இருக்கும், போகும்போது மெட்ரோ, வரும்போது நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் எனக்குப் பிடிபட்டதே இந்த நடையில்தான்.

பேருந்து, மெட்ரோ, செருப்பு

ஒரு பயண டிக்கெட் 1.50 யூரோ. முத்திரை குத்தியதிலிருந்து 100 நிமிடம் எத்தனை பேருந்து வேண்டுமானாலும் மாறலாம், ஆனால் மெட்ரோவில் ஒரே ஒரு முறைதான், வெளியே வந்துவிட்டால் அதே டிக்கெட்டில் திரும்ப நுழைய முடியாது. வங்கி அட்டையையே தட்டிவிட்டும் போகலாம். வகுப்பு தொடங்கிவிட்டால் 35 யூரோ மாத பாஸ் எடுப்பதுதான் கணக்குக்குச் சரி.

‘ஷோப்பெரோ’ என்ற சொல்லை முதல் நாளே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வேலைநிறுத்தம் என்று அர்த்தம். பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் வரும். அன்றைக்கும் காலை எட்டரை வரையும் மாலை 5 முதல் 8 வரையும் வண்டி ஓடியாக வேண்டும் என்று விதி இருக்கிறது, அந்த நேரத்துக்குள் வேலையை முடித்துக்கொள்ளலாம்.

அப்புறம் செருப்பு. பழைய பகுதி முழுக்கச் சம்பியத்ரீனி என்கிற சின்னச் சின்னக் கருங்கற்கள் பதித்த தெரு. உள்ளங்கைக்குச் சற்றுப் பெரிதாக, மேலே லேசாகக் குமிழ்ந்த கற்கள், நடுவே விரல் புகும் இடைவெளி. மெல்லிய அடிப்பாகம் உள்ள செருப்பில் ஒரு மணி நேரம் நடந்தால் ஒவ்வொரு கல்லும் பாதத்தில் தெரியும், மழை பெய்தால் சோப்புத் தேய்த்த மாதிரி வழுக்கும். தடித்த ரப்பர் அடி உள்ள, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூவைக் கொண்டுவாருங்கள். புது ஷூவோடு இந்த ஊரில் முதல் வாரம் நடக்காதீர்கள்.

முதல் நடை: சான் ஜொவான்னியிலிருந்து கீழ்நோக்கி

எனக்கு இந்த ஊரைத் திறந்து காட்டியது எங்கள் துறையின் மூத்த மாணவி ஒருவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கொப்புளத்தோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, “நாளைக்கு எதையும் ஏறிப் பார்க்க வேண்டாம், இறங்கிப் பார்க்கலாம் வா” என்றார். அவர் கூட்டிப்போன வழியைத்தான் இங்கே அப்படியே சொல்கிறேன். வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள்.

சான் ஜொவான்னி மெட்ரோ நிலையத்தில் தொடங்க வேண்டும். 2018இல் திறந்த சி வழித்தடத்துப் பகுதிக்குள் போங்கள். அந்த நிலையத்துக்காகத் தோண்டியபோது கிடைத்த பொருட்களை அங்கேயே கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருக்கிறார்கள். கீழே இறங்க இறங்க இப்போது நீங்கள் எந்தக் காலத்து மண்ணின் ஆழத்தில் இருக்கிறீர்கள் என்று சுவரே சொல்லிக்கொண்டு வரும். நம் காலம், இடைக்காலம், பேரரசுக் காலம், அதற்கும் கீழே குடியரசுக் காலம். பேரரசுக் காலத்தில் அந்த இடம் ஒரு பெரிய பண்ணை, பாசனத்துக்கு மிகப்பெரிய நீர்த்தொட்டி இருந்திருக்கிறது. அங்கே கிடைத்தவற்றில் பீச் பழக் கொட்டைகளும் உண்டு. மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, கறுத்துப்போய், யாரோ இப்போதுதான் சாப்பிட்டுத் துப்பிய மாதிரி. பேரரசர்களின் வெற்றி வளைவுகளைவிட அந்தக் கொட்டைகள்தான் எனக்கு ரோமானியர்களைப் பக்கத்தில் கொண்டுவந்தன. ஒன்றரை யூரோ மெட்ரோ டிக்கெட்டில் இவ்வளவும்.

வெளியே வந்தால் சான் ஜொவான்னி இன் லாத்தரானோ பேராலயம், ரோம் நகரத்தின் கதீட்ரல் இதுதான், வத்திக்கானில் உள்ள புனித பேதுரு பேராலயம் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே போகக் கட்டணம் இல்லை. பக்கவாட்டுச் சதுக்கத்தில் நிற்கும் எகிப்தியக் கல்தூணை அண்ணாந்து பாருங்கள். கர்னாக் கோயிலிலிருந்து கொண்டுவந்து கி.பி. 357இல் இந்த ஊரில் நிறுத்தினார்கள், பிறகு விழுந்து உடைந்து மண்ணுக்குள் கிடந்தது, 1588இல் ஒட்டி எடுத்து இங்கே நிறுத்தினார்கள். இன்று நிற்கும் பழைய எகிப்தியத் தூண்களில் மிகப்பெரியது இதுதான்.

அங்கிருந்து கொலோசியத்தை நோக்கிச் சரிந்து இறங்கும் தெருவில் நடந்தால் சான் கிளமெந்தே தேவாலயம் வரும். மேலே உள்ள கோயில் 12ஆம் நூற்றாண்டு, பார்க்கக் காசு வேண்டாம். கீழே இறங்கத்தான் டிக்கெட். முதல் வாரத்தில் ஏதாவது ஒன்றுக்குக் காசு கொடுப்பதென்றால் இதற்குக் கொடுங்கள். ஒரு படிக்கட்டு இறங்கினால் 4ஆம் நூற்றாண்டு ஆலயம், சுவர்ச் சித்திரங்களோடு. அது நிரப்பப்பட்டு அதன் தலைமேல்தான் மேலே இருப்பதைக் கட்டியிருக்கிறார்கள். 1857இல் இங்கிருந்த அயர்லாந்துப் பாதிரியார் ஜோசப் முல்லூலி தோண்டத் தொடங்கும்வரை கீழே இப்படி ஒன்று இருப்பது யாருக்கும் தெரியாது. இன்னும் ஒரு படிக்கட்டு இறங்கினால் ரோமானியக் கட்டடங்கள், இடையே ஒரு குறுகிய சந்து, மித்ரா தெய்வத்தை வழிபட்ட ஒரு தாழ்வான குகை மாதிரி அறை, இரண்டு பக்கமும் சாய்ந்து உண்ணக் கல் திண்ணை, நடுவில் காளையைக் கொல்லும் மித்ராவைச் செதுக்கிய பலிபீடம்.

அங்கே ஒரு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். எங்கேயோ இல்லை, பக்கத்துச் சுவரிலேயே, ஒரு திறப்பு வழியாகக் குனிந்து பார்த்தால் நீரோட்டம் கண்ணுக்கே தெரியும். ஈரக் காற்று முகத்தில் அடிக்கும், மேலே வெயில் கொளுத்தினாலும் கீழே சில்லென்றிருக்கும். அக்கா அங்கே நின்று, “இப்போ நம்ம தலைக்கு மேல எத்தனை ஊர் இருக்குன்னு எண்ணிக்கோ” என்றார். அன்றைக்குத்தான் எனக்கு இந்த ஊர் புரிந்தது.

தெரு முடியும் இடத்தில், கொலோசியத்துக்குக் கொஞ்சம் முன்னால், சாலையோரப் பள்ளத்தில் பாதி வட்டமாகச் செங்கல் சுவர்கள் தெரியும். லூதுஸ் மாக்னுஸ், கிளாடியேட்டர்கள் பயிற்சி எடுத்த கூடம். மீதிப் பாதி நீங்கள் நிற்கும் தெருவுக்கும் பக்கத்துக் கட்டடங்களுக்கும் அடியில் இருக்கிறது. கம்பியில் சாய்ந்தபடி இலவசமாகப் பார்க்கலாம்.

கொலோசியத்தை அன்றைக்கு வெளியிலிருந்து மட்டும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, சுவர் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி ஓட்டைகள். கல்லையும் கல்லையும் பிணைத்திருந்த இரும்புக் கொக்கிகளை இடைக்காலத்தில் பெயர்த்து எடுத்ததால் வந்தவை. இன்னொன்று, உயரமாக முழுசாக நிற்கும் வடக்குப் பக்கத்தில் கீழ் வளைவுகளுக்கு மேலே எண்கள் வெட்டியிருக்கும், 23இலிருந்து 54 வரை இன்னும் இருக்கின்றன. மொத்தம் 80 வாசல், அதில் 76க்கு எண். நம் நுழைவுச் சீட்டில் கேட் நம்பர் போடுகிற மாதிரியேதான். ரோமன் எண்ணில் நான்கை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள், பள்ளியில் நாம் படித்தது போல ஐந்துக்கு முன்னால் ஒரு கோடு போடாமல் நான்கு கோடாகவே நிறுத்தியிருப்பார்கள்.

எழுத்து, தண்ணீர், வெள்ளம்

அடுத்த நாள் பான்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில் பக்கம் போகலாம், முடிந்தால் மழை நாளாகப் பார்த்து. நெற்றியில் பெரிய எழுத்தில் மார்குஸ் அக்ரிப்பா மூன்றாம் முறை கான்சலாக, அதாவது பழைய ரோமின் உயர்ந்த ஆட்சிப் பதவியில், இருந்தபோது கட்டினான் என்று இருக்கும். நம்பாதீர்கள். அக்ரிப்பா கட்டியது எரிந்துபோனது, இப்போது நிற்பது பேரரசர் ஹாத்ரியன் காலத்தில் கி.பி. 126 வாக்கில் முடிந்தது, செங்கற்களில் உள்ள முத்திரைகளை வைத்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். ஹாத்ரியன் தன் பெயரைப் போடாமல் பழைய பெயரையே விட்டிருக்கிறார். கும்மட்டத்தின் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சிக்கும் அதே அளவு. இரும்புக் கம்பி இல்லாத கான்கிரீட். உச்சியில் திறந்த வட்டம், மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும், பளிங்குத் தரையில் 22 சின்ன வடிகால் துளைகள் இருக்கின்றன, தண்ணீர் அதில் வடிவதைக் குனிந்து பார்க்கலாம். 2023 ஜூலையில் 5 யூரோ கட்டணம் தொடங்கியது.

எழுத்துகளை வாசிக்கப் பழகுங்கள், லத்தீன் தெரிய வேண்டியதில்லை. ‘இம்ப்’ என்றிருந்தால் பேரரசர், ‘கோஸ்’ என்றால் கான்சல், பெயருக்குப் பின்னால் ‘எஃப்’ என்றால் இன்னாரின் மகன். ‘போன்ட் மாக்ஸ்’ என்று இருந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், பேரரசர்கள் தலைமைப் பூசாரி என்ற அர்த்தத்தில் போட்டுக்கொண்ட அதே பட்டத்தைப் போப்பாண்டவர்களும் போட்டுக்கொண்டார்கள். தெருவில் பாதாளச் சாக்கடை மூடியைப் பார்த்தாலும் எஸ்.பி.கியூ.ஆர். என்று நான்கெழுத்து, ‘ரோமின் செனட்டும் மக்களும்’. பழைய குடியரசின் முத்திரை, இன்றைக்கும் நகராட்சியின் அடையாளம் அதுதான்.

பான்தியனுக்குப் பின்னாலேயே சான்தா மரியா சோப்ரா மினர்வா தேவாலயம். வாசலில் சிற்பி பெர்னினியின் யானைச் சிலை இருப்பதால் எல்லாரும் யானையைப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் முகப்புச் சுவரின் வலது மூலைக்குப் போங்கள். சின்னச் சின்னப் பளிங்குப் பலகைகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பதித்திருக்கும், டைபர் வெள்ளம் எந்த வருடம் எதுவரை ஏறியது என்று. 1598ஆம் வருடப் பலகைக்கு நேராக நின்று பார்த்தால் அது தலைக்கு மேல் இருக்கும். நதி கண்ணில்கூடப் படாத இடம் அது. 1870 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகுதான் நதியின் இரு கரையிலும் இப்போது பார்க்கிற உயரமான சுவரைக் கட்டினார்கள். ஊர் ஏன் இப்படி மேலே மேலே எழுந்தது என்பதற்கு இந்த ஒரு மூலை போதும்.

அந்த அக்ரிப்பாவை இன்னொரு இடத்திலும் சந்திக்கலாம். அவர் கி.மு. 19இல் கொண்டுவந்த அக்வா விர்கோ கால்வாயின் தண்ணீர்தான், இடையில் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து, இன்றும் த்ரேவி நீரூற்றுக்கு வருகிறது. த்ரேவியைப் பகலில் பார்க்கப் போனால் தலைகள்தான் தெரியும். காலை ஆறரைக்குப் போங்கள், தண்ணீர் விழும் சத்தத்தையாவது கேட்கலாம்.

குடிக்கும் தண்ணீருக்கு ரோமில் காசு கொடுக்க வேண்டாம். தெருவோரம் இடுப்பளவு உயரத்தில் இரும்பு உருளை, வளைந்த குழாய், எப்போதும் ஓடும் தண்ணீர். நசோனே என்பார்கள், பெரிய மூக்கு என்று அர்த்தம், 1870களிலிருந்து இருக்கிறது, ஊர் முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேல். பாட்டிலைக் கீழே பிடித்து நிரப்பலாம். பாட்டில் இல்லையென்றால் குழாயின் வாயை விரலால் அடையுங்கள், வளைவின் மேலே இருக்கும் சின்னத் துளை வழியாகத் தண்ணீர் மேல்நோக்கிப் பீய்ச்சும், வாய் வைக்காமல் குடிக்கலாம். ஜூலை வெயிலிலும் சில்லென்று இருக்கும்.

சாப்பாடு, கொஞ்சம் எச்சரிக்கை

காபி குடிக்கும் கடைக்குப் பெயர் பார். நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை, சதுக்கத்து மேசையில் உட்கார்ந்தால் இரண்டு மூன்று மடங்கு. பல இடங்களில் முதலில் கல்லாவில் காசு கட்டி, சீட்டை வாங்கிக்கொண்டு வந்து மேடையில் காட்ட வேண்டும். நுழையும்போதே ‘புவோன் ஜோர்னோ’ சொல்லிவிடுங்கள், சொல்லாமல் நேராகக் கேட்டால் முகம் சுருங்கும். ‘ஊன் காஃபே’ என்றால் இரண்டு மடக்கு எஸ்பிரெஸ்ஸோ வரும், பால் காபி வேண்டுமென்றால் கப்புச்சீனோ என்று சொல்ல வேண்டும், வெறும் ‘லாத்தே’ என்றால் ஒரு கிளாஸ் பால் கொடுத்துவிடுவார்கள்.

மதியத்துக்கு பீட்சா அல் தாலியோ, பெரிய தட்டிலிருந்து கத்தரியால் வெட்டி எடை போட்டுத் தருவது. பலகையில் உள்ள விலை பெரும்பாலும் 100 கிராமுக்கோ கிலோவுக்கோ இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் சுப்லி என்ற சோற்று உருண்டையில் கவனமாக இருக்க வேண்டும், பழைய முறையில் அதில் இறைச்சிக் குழம்பு உண்டு. கார்போனாரா, அமத்ரிச்சானா இரண்டிலும் பன்றிக் கன்னக்கறி. காச்சோ எ பேப்பே வெறும் சீஸும் மிளகும்தான், ஆனால் அதில் போடும் பெக்கோரீனோ சீஸை ஆட்டுக்குட்டியின் வயிற்று நொதியால் உறைய வைக்கிறார்கள், அதில் கண்டிப்பானவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. அரிசி, பருப்பு, கொத்தமல்லி, வெண்டைக்காய் எல்லாம் பியாத்சா வித்தோரியோ பக்கத்தில் எஸ்குவிலீனோ சந்தையில் கிடைக்கும், தெர்மினியிலிருந்து நடந்துவிடலாம். சமைக்க வசதி உள்ள அறையாகப் பாருங்கள், மாதச் செலவில் பெரிய வித்தியாசம் தெரியும்.

பிக்பாக்கெட் உண்டு. மெட்ரோ ஏ வழித்தடம், தெர்மினியிலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் எண் பேருந்து இரண்டிலும் பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். கொலோசியத்து வாசலில் கையில் கயிறு கட்ட வருகிறவர்களிடம் கையை நீட்டாமல் நடந்துவிடுங்கள். ஸ்பானியப் படிகளில் உட்கார 2019இலிருந்து தடை, அபராதம் 400 யூரோ வரை போகும். தேவாலயங்களுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், பல தேவாலயங்கள் மதியம் பன்னிரண்டரைக்கு மூடி மாலைதான் திறக்கும். அவசரத்துக்கு 112.

இப்போது டிக்கெட்

மாணவர் அடையாளம் கைக்கு வந்ததும் முதலில் வாங்க வேண்டியது எம்.ஐ.சி. கார்டு. ரோம் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் கிடைக்கும், 5 யூரோ கொடுத்தால் ஒரு வருடம் நகராட்சி அருங்காட்சியகங்களுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். கபிதோலினி அருங்காட்சியகமும் அதில் அடக்கம். பேரரசர் மார்குஸ் அவ்ரேலியுஸ் குதிரையில் இருக்கும் அசல் வெண்கலச் சிலை அதற்குள்தான் இருக்கிறது, வெளிச் சதுக்கத்தில் நிற்பது நகல். அங்கிருந்து தபுலாரியும் என்ற பழைய ஆவணக் கட்டடத்தின் வளைவுகளுக்குப் போய் நின்றால் ஃபோரம் முழுவதும் காலடியில் விரியும். வகுப்பு முடிந்து அரை மணி நேரம் அங்கே போய் நிற்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. இந்தக் கார்டைப் பற்றி முதல் மாதத்திலேயே யாராவது சொல்லியிருக்கலாமே என்று இன்றும் தோன்றும்.

கொலோசியம் டிக்கெட் 18 யூரோ, ஃபோரமும் பாலத்தீன் குன்றும் சேர்த்து. அதிகாரப்பூர்வத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். பெயர் போட்ட டிக்கெட் என்பதால் பாஸ்போர்ட் காட்ட வேண்டும். 2 யூரோ சலுகை 18 முதல் 25 வயது வரையுள்ள ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு. நமக்கு அது கிடையாது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல், கலை வரலாறு, கட்டடக்கலை போன்ற பாடங்கள் படிக்கிறவர்களுக்கு அரசு அருங்காட்சியகங்களில் இலவச அனுமதி உண்டு, சேர்க்கைச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாருக்கும் இலவசம், வரிசை நீளமாக இருக்கும்.

ஃபோரத்துக்குள் போனதும் பேரரசர் அந்தோனீனுஸ், அவர் மனைவி ஃபவுஸ்தீனா இருவர் பெயரிலும் உள்ள கோயிலைத் தேடுங்கள். கி.பி. 141இல் கட்டியது, தூண்களுக்குப் பின்னால் ஒரு தேவாலயம் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதன் பச்சைக் கதவு தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில், படி எதுவும் இல்லாமல் அந்தரத்தில் இருக்கும். அந்தக் கதவை வைத்த காலத்தில் தரை அங்கே இருந்தது. பிறகு தோண்டித் தோண்டி ரோமானியத் தரையைக் கண்டுபிடித்தபோது கதவு மேலேயே நின்றுவிட்டது. தூண்களின் மேல்பகுதியில் சாய்வாகக் கோடு கோடாக வெட்டுகள் தெரியும், கயிறு கட்டி இழுத்துச் சாய்க்கப் பார்த்த தடம் என்கிறார்கள். ஜூலியஸ் சீசரின் உடலை எரித்த இடத்தில் ஒரு மண்மேடு, அதன்மேல் இன்றும் யாராவது பூ வைத்துவிட்டுப் போகிறார்கள்.

வாரக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆப்பியன் சாலைக்கு, வீயா ஆப்பியா அந்தீகாவுக்குப் போங்கள். 118ஆம் எண் பேருந்து போகும். கி.மு. 312இல் போடத் தொடங்கிய சாலை. செசிலியா மெதெல்லா என்ற ரோமானியப் பெண்ணின் வட்டக் கல்லறையைத் தாண்டி நடந்தால் பழைய கருங்கல் பாளங்கள் வரும், அவற்றில் வண்டிச் சக்கரம் தேய்த்த பள்ளத்தில் கையை வைத்துப் பார்க்கலாம். இரு பக்கமும் பைன் மரங்கள், உடைந்த கல்லறைகள், சைக்கிளில் போகும் குடும்பங்கள். கடை குறைவு, ரொட்டியும் நிரப்பிய பாட்டிலும் கையோடு எடுத்துப் போங்கள். ஞாயிறு அன்று பேருந்து அடிக்கடி வராது, திரும்பும் நேரத்தைப் போகும்போதே நிறுத்தத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.